ரத்தினம்மாளின் நாற்பது பொன்னாடைகள்

ஒரு சங்கம் ரத்தினம்மாளுக்கு ஆயிரத்து நூற்று இருபது வெள்ளி கடன்பட்டிருந்தது. சங்கத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அதற்கும் ஒரு விழா எடுத்துவிடுவார்கள். கடன்பட்டவர்கள் எல்லாரும் கோட்டுப் போட்டவர்கள். காசு வரவேண்டியவளோ பஃபலோ ரோட்டில் ஒரு கடை முன்னாலிருக்கும் ஐந்தடி நடைபாதையில், ஒரு மேசையும் இரண்டு வாளியும் வைக்கிற அளவுக்கே இடம் பிடித்துப் பூ விற்றவள்.

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். தேக்கா வட்டாரத்தில் கூடாரமும் நாற்காலியும் வாடகைக்கு எடுக்கிற எவரும் என்னிடம் வராமல் இருந்ததில்லை. நாலாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. முதலில் அடுத்தவன் நாற்காலியைச் சுமந்தேன். பிறகு சொந்தமாக ஐம்பது வாங்கினேன். இன்று மூன்று லாரி ஓடுகிறது. பெரிய பெரிய பட்டம் வாங்கியவர்களெல்லாம் மேடையில் என் நாற்காலியில்தான் உட்கார்ந்து பேசுகிறார்கள். முன்பணம் கையில் விழாமல் லாரியின் பின்கதவை நான் திறப்பதில்லை. சொந்தத் தம்பி மகள் கல்யாணத்துக்கும் அப்படித்தான். ரத்தினம்மாளுக்கும் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

"உங்க நாற்காலி நாளைக்கும் நாற்காலிதான் அண்ணே. என் பூ சாயங்காலம் ஆனா குப்பை. நான் எங்க போய் முரண்டு பிடிக்கிறது?" என்பாள்.

அவள் இங்கேயே பிறந்தவள். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். புருஷனும் அதே துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டினான். நெஞ்சுவலி என்று ஒரு நாள் பாதி வேலையில் இறங்கி வந்தவன் வீடு திரும்பவில்லை. மகள் அப்போது தொடக்கப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். பூக்கட்டத் தெரிந்ததைத் தவிர ரத்தினம்மாளிடம் வேறு முதல் இல்லை. பூன் லே வீட்டிலிருந்து முதல் ரயிலைப் பிடித்து வந்து, கடைசியாகக் கடை கட்டுகிறவளாக இருந்தாள். மகளைப் படிக்க வைத்து ஜொகூரில் கட்டிக்கொடுத்ததும் அந்த மேசையில் வந்த காசில்தான். நான் மூன்று லாரி வாங்கியவன். ஆனாலும் சொல்கிறேன், ஒற்றை மேசையை வைத்துக்கொண்டு அவள் செய்ததும் லேசான காரியமில்லை.

பூவில் பெரிய லாபம் கிடையாது. பொன்னாடையில்தான் கொஞ்சம் ஓடியது. நம் விழாக்களில் சிறப்பு விருந்தினர் வந்தால், தலைவர் போர்த்துவார், செயலாளர் போர்த்துவார், பிறகு நன்கொடை கொடுத்தவர் ஒவ்வொருவரும் படத்துக்கு நின்று போர்த்துவார். விருந்தினர் பேசி முடித்துப் போகும்போது அத்தனையும் பின்னால் இருக்கிற நாற்காலியில் கிடக்கும். வந்தவர் எவரும் எடுத்துப் போனதில்லை. கூட்டம் கலைந்ததும் ரத்தினம்மாள் போய் எடுத்து, உதறி, மடித்து, மறுபடி பிளாஸ்டிக் உறையில் போட்டுவிடுவாள். ஒன்றுக்கு ஆறு வெள்ளி வாடகை. ஒரே பொன்னாடை பல பெரிய மனிதர்களின் தோளைப் பார்த்திருக்கும். கொடுக்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் இது தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

போன வருஷம், ஐரோப்பாவில் ஒரு சின்ன நாட்டின் தூதர் துவாஸில் இருக்கிற தொழிலாளர் விடுதிக்கு நல்லெண்ண வருகை வருவதாக முடிவானது. அவர் நாட்டு நிறுவனம் ஒன்று அங்கே ஆலை கட்டியிருந்தது. கட்டியவர்களைப் பார்க்க வேண்டும் என்று அவரே கேட்டாராம். வரவேற்புப் பொறுப்பைச் சங்கம் எடுத்துக்கொண்டது. அதன் தலைவர் ராமலிங்கம். கப்பல்களுக்குச் சாமான் ஏற்றுகிற வியாபாரம். பேச்சில் தேன் ஒழுகும். நாற்பது பேர் போர்த்தப் போகிறோம் என்று பட்டியல் போட்டார். பழைய பொன்னாடை ஒன்றில் குங்குமக் கறை இருந்து, அது பத்திரிகைப் படத்தில் தெரிந்துவிட்டதாம். அதனால் நாற்பதும் புதிதாக, நல்ல சரிகையோடு இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். ரத்தினம்மாள் மொத்த வியாபாரி காதர் மைதீனிடம் கடனுக்கு எடுத்தாள். வாங்கின விலையே ஒன்றுக்கு இருபத்தெட்டு வெள்ளி. நாலைந்து விழாவில் முதல் திரும்பிவிடும் என்று கணக்குப் போட்டாள். கணக்கில் தப்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். விடுதித் திடலில் என் கூடாரம், என் நாற்காலி. தூதர் நல்ல உயரம். வெயிலில் முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது. நாற்பது பேரும் வரிசையாக வந்து போர்த்தினார்கள். ஒவ்வொன்றையும் குனிந்து வாங்கி, கும்பிட்டு, பின்னால் நாற்காலியில் வைத்தார். குவியல் ஏறுவதைப் பார்த்து ரத்தினம்மாள் என் பக்கத்தில் நிம்மதியாக நின்றாள்.

பிறகு அவர் பேச வந்தார். எனக்கு வியாபாரத்துக்கு வேண்டிய ஆங்கிலம் வரும். அவர் பேசியது அந்த அளவுக்குள்தான் இருந்தது. எனக்கு ஒரு கழுத்துதான் இருக்கிறது, இத்தனை மரியாதையை நான் மட்டும் வைத்துக்கொள்வது சரியில்லை, இந்த ஆலையைக் கட்டியவர்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்றார். சொல்லிவிட்டுக் குவியலை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு மேடையை விட்டு இறங்கினார். முன்வரிசையில் இருந்த பையனை எழுப்பி அவன் தோளில் போர்த்தினார். அடுத்தவனுக்குப் போர்த்தினார். திடல் முழுவதும் விசில்.

"அண்ணே, என்ன பண்றாரு இவரு?" என்றாள் ரத்தினம்மாள்.

"குடுக்கிறாரு."

"எல்லாத்தையுமா?"

ராமலிங்கம் தூதரின் பின்னாலேயே ஓடினார். ஓடி என்ன சொல்வது? உங்களுக்குச் செய்த மரியாதையை நாற்காலியில் விட்டுவிட்டுப் போங்கள் என்றா? முன்கூட்டியே தூதரகத்துக்கு ஒருவர் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அதை எழுதி அனுப்ப எந்தச் சங்கத்துக்கு முகம் இருக்கிறது? கடைசிப் பொன்னாடையும் போன பிறகு ராமலிங்கம் கைதட்டினார். எல்லாரும் தட்டினார்கள். ரத்தினம்மாளும் தட்டினாள்.

ரத்தினம்மாள் காசு கேட்டுப் போனபோது ராமலிங்கம் முதல் வாரம், நாளைக்கே கைப்பேசி வழியாகப் பேநவ்வில் போட்டுவிடுகிறேன் என்றார். அடுத்த முறை, செயற்குழு கூடட்டும் என்றார். அப்புறம் உள்ளே இருந்தது வெளியே வந்துவிட்டது.

"நான் வாடகைக்குத்தானே கேட்டேன், வாங்கவா சொன்னேன்? தூதர் எடுத்துக் குடுத்ததுக்குச் சங்கம் என்னக்கா பண்ணும்? அவரப் போய்க் கேளுங்க லா. இல்லன்னா அந்தப் பையன்கள்கிட்ட போய் வாங்கிக்கங்க. அவனுங்களுக்குப் பொன்னாடை எதுக்கு?"

அவளும் போனாள். விடுதியில் மிச்சம் கிடந்த என் மேசைகளை எடுக்க நான் லாரியில் போனேன், கூட ஏறிக்கொண்டாள். விடுதி வாசலில் ஷிப்டு முடிந்து வந்தவர்களில் ஒருவன் அவளை அடையாளம் கண்டு நின்றான். பெயர் பரமசிவம், அறந்தாங்கிப் பக்கம். தூதர் முதலில் போர்த்தியது அவனுக்குத்தான். அன்றைக்குப் பூ கொண்டுவந்த அம்மாதானே என்று கேட்டுவிட்டு, இவள் வாயைத் திறப்பதற்குள் கைப்பேசியை எடுத்து நீட்டினான்.

"ஊருக்குப் போனவன்கிட்ட குடுத்து விட்டேம்மா. எங்கம்மா போத்திக்கிட்டு நிக்குது பாருங்க. கழட்டவே மாட்டேங்குதாம். என் மவனுக்குத் தூதர் போட்டதுன்னு தெரு பூரா சொல்லிக்கிட்டுத் திரியுதாம்."

ரத்தினம்மாள் படத்தைக் கிட்டே வைத்துப் பார்த்தாள். இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன், படுக்கைக்குத் திரையாகத் தொங்கவிட்டிருக்கிறேன், விளக்கு வெளிச்சம் முகத்தில் அடிக்காமல் நிம்மதியாகத் தூங்குகிறேன் என்றான்.

"நல்லா இருக்கு தம்பி. சரிகைய மட்டும் மெஷின்ல போடாதீங்க, கையால அலசுங்க," என்றாள். வேறொன்றும் கேட்காமல் லாரியில் ஏறிவிட்டாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இதுக்கா இவ்வளவு தூரம் வந்தாய் என்று திட்டினேன். பூன் லே வந்ததும் இறங்கிக்கொண்டாள்.

காதர் மைதீன் நல்ல மனிதர். இரண்டு மாதம் பொறுத்தார். அவரும் சரக்குக்குக் காசு கட்டவேண்டியவர்தானே. அதே சமயம் பஃபலோ ரோட்டுக் கடை கைமாறியது. புது முதலாளி, ஐந்தடி இடத்துக்கு மூன்று மாத முன்பணம் வைத்தால் இரு, இல்லையென்றால் மேசையை எடு என்றான். முன்பணத்துக்கென்று சேர்த்து வைத்திருந்ததை எடுத்து ரத்தினம்மாள் காதர் மைதீன் கடனை அடைத்தாள். மேசையை எடுத்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வட்டியில்லாமல் கொடுத்திருப்பேன். கேட்கவில்லை. எனக்குத் தெரிந்தபோது அந்த இடத்தில் ஒருவன் கைப்பேசி அட்டை விற்றுக்கொண்டிருந்தான். அவள் அடுத்த தெருவில் வேறொருவர் கடையில், முழத்துக்கு இவ்வளவு என்று கூலிக்குப் பூக்கட்டிக்கொண்டிருந்தாள். தெரு வழியாகப் போகும் பழைய வாடிக்கையாளர்களைக் கண்டால் தலையைக் குனிந்துகொள்வாள்.

சங்கத்துக்கு அந்த வருகையால் ஒரு குறையும் இல்லை. தூதர் தொழிலாளிக்குப் போர்த்துகிற படத்தை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டினார்கள். நல்லிணக்கத்துக்கென்று எங்கிருந்தோ ஒரு கேடயமும் வந்தது. விழா மலர் ஒன்று அச்சடித்தார்கள். அதில் சமையல்காரருக்கு நன்றி, ஒலிபெருக்கிக்கு நன்றி, எனக்கும் நன்றி, அதுவும் படத்தோடு. ரத்தினம்மாள் பெயர் எங்கேயும் இல்லை. என் மகன் வாசிக்க, இரண்டு முறை கேட்டேன்.

இந்த வருஷம் அந்தத் தூதருக்கு மாற்றல் வந்தது. போவதற்கு முன் அதே சங்கத்தாரையும் அதே தொழிலாளர்களையும் மறுபடி பார்க்க வேண்டும் என்று அவர் விரும்பினார். விழா லிட்டில் இந்தியாவில், சங்கத்தின் கூடத்தில். துவாஸிலிருந்து பேருந்து வைத்துத் தொழிலாளர்களை அழைத்து வந்தார்கள். பொன்னாடைதான் கிடைக்கவில்லை. இந்தத் தூதர் எடுத்துக் கொடுத்துவிடுகிற ஆள் என்று தேக்காவில் எல்லாக் கடைக்கும் தெரியும். வாடகைக்கு இல்லை, முழு விலையை வைத்துவிட்டு எடுத்துப் போங்கள் என்று ஒவ்வொரு கடையிலும் சொல்லிவிட்டார்கள். அப்போதுதான் ராமலிங்கத்துக்கு ரத்தினம்மாள் ஞாபகம் வந்தது. கடையை எடுத்தபோது பழைய பொன்னாடைகளை அவள் வீட்டில் வைத்திருக்கிறாள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அக்கா அக்கா என்று பத்து முறை கூப்பிட்டிருக்கிறார். வருகிறேன் என்றாளாம்.

சக்கரம் வைத்த பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தாள். வாசலில் என் கூடாரத்துக்குக் கீழே அதை நிறுத்தி, அதன் மேலேயே உட்கார்ந்தாள். ராமலிங்கம் ஓடி வந்தார்.

"பெட்டியத் திறங்கக்கா, கார் முக்குல திரும்பிடுச்சு."

"போன வருஷத்துக் காசு, தம்பி."

"அத அப்புறம் பேசிக்கலாம் லா. நம்பர் சொல்லுங்க, பேநவ் பண்ணிடுறேன்."

"நம்பர் போன வருஷமே சொல்லிட்டேன். கையில குடுங்க." வலது கையை விரித்து நீட்டினாள். பூநார் அறுத்து அறுத்து விரலெல்லாம் தடித்துப்போன கை.

ராமலிங்கத்தின் முகம் மாறியது. "இத்தன பேர் முன்னால, மரியாதை தெரியாம நடந்துக்கிறீங்க."

"மரியாதை எல்லாம் பெட்டிக்குள்ளதான் இருக்கு."

வரிசையில் நின்ற துவாஸ் பையன்களில் யாரோ சிரித்தார்கள். ராமலிங்கம் என்னைப் பார்த்தார். என் மடியில் எப்போதும் காசு இருக்கும் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணே, ஒரு ஆயிரம் குடுங்க. நாளைக்குக் காலையில திருப்பிடுறேன்."

"முன்பணம் இல்லாம நான் நாற்காலியே இறக்குறதில்ல, உங்களுக்குத் தெரியுமே," என்றேன்.

கார் வந்து நின்றுவிட்டது. செயலாளர் பணப்பையைத் திறந்தார், பொருளாளர் திறந்தார், கோட்டுப் போட்ட ஒவ்வொருவரும் திறந்தார்கள். போதவில்லை. நடனமாட வந்த பெண்களுக்கென்று வைத்திருந்த அன்பளிப்பு உறைகளை ராமலிங்கம் கிழித்தார். தூதர் இறங்கி இரண்டு அடி எடுத்து வைத்தவர், ஒரு பெண்ணின் கையில் சங்கத் தலைவர் குனிந்து பணம் வைப்பதைப் பார்த்து, நம்மவர் சடங்கு ஏதோ நடக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ, அங்கேயே நின்று கைகூப்பினார். படம் எடுக்கிறவன் கேமராவை உயர்த்தினான்.

ரத்தினம்மாள் அவரைப் பார்க்கவில்லை. ஐம்பதாக, பத்தாக, கசங்கிய இரண்டு வெள்ளித் தாளாக விழுவதையே பார்த்தாள். ஆயிரத்து நூறு வந்ததும் ராமலிங்கம் நிறுத்தினார். அவள் கை நீட்டியபடியே இருந்தது. அவர் தன் கோட்டின் உள்பையைத் துழாவி, நாலாய் மடித்திருந்த இரண்டு பத்து வெள்ளியை எடுத்து, ஒவ்வொன்றாகப் பிரித்து, அந்தக் கையில் எண்ணி வைத்தார்.