பியற்றிசின் பொம்பர்காரன்

மோர்டனில் எங்களுக்குப் பக்கத்து வீட்டில் இருந்தவர் பியற்றிஸ். வெள்ளைக்காரி. கலியாணம் கட்டவில்லை. இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர். பிறகு ஓர் ஆஸ்பத்திரி லோண்ட்ரியில் முப்பத்தைந்து வருடம் படுக்கைத்துணி வெளுத்தவர். நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எண்பத்தேழில் இங்கே வந்து இறங்கியபோது கவுன்சில் ஃபோம்களை எல்லாம் நிரப்பித் தந்தது அந்த மனுசிதான். "தில்லையம்பலம் எண்டு எழுதி முடிக்க ஒரு பேனை போகுது, மிஸ்டர்" என்று ஏசி ஏசி என் பெயரை எழுதுவார். பேச்சு இங்கிலிஷில்தான், என் காதில் அது இப்படித்தான் விழும்.

தொண்ணூற்றிரண்டு தை மாதம் வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்து கிடந்தார். பார்க்கப் போன என்னிடம் கட்டிலடியில் இருந்த ஒரு பையை எடுக்கச் சொன்னார். உள்ளே ஒரு பல் விளக்கும் பிரஷ், ஒரு போத்தல், ஒரு துணி.

"இருபத்தெட்டாம் திகதி றெஜினோல்டிட்டை நீர் போகவேணும். நாப்பத்தெட்டு வருசமா நான் ஒருக்காவும் தவறினதில்லை."

"ஆர் றெஜினோல்ட்?"

"நான் கட்ட இருந்த பெடியன். கனடாக்காரன்."

"கனடாவில எங்கை? ஸ்காபரோவோ? என்ர மச்சானும் அங்கைதான்."

அவருக்குச் சிரிப்பு வந்து இடுப்பு நொந்தது. "செத்துப்போனான், விசர் மனுசா! இஞ்சைதான், சரேப் பக்கம் சேமக்காலையில புதைச்சிருக்கு. கல்லைக் கழுவிப் பூ வைக்கவேணும். அவ்வளவுதான்."

சரி என்றேன். கதவடிக்கு வந்த பிறகுதான் எப்படிச் செத்தவன் என்று கேட்டேன். கேட்காமலே வந்திருக்கலாம்.

"பொம்பரில இருந்தவன். ஜேர்மனியில குண்டு போட்டிட்டுத் திரும்பி வரேக்கை ஒரு தை இருபத்தெட்டில இஞ்சை விழுந்தது. இருபது வயசு."

பொம்பர். அதை நாங்கள் இங்கிலிஷ் என்று நினைப்பதே இல்லை. யாழ்ப்பாணத்தில் யாராவது "பொம்பர் வருது" என்று கத்தினால் சோற்றுக் கோப்பையைப் போட்டுவிட்டு பங்கருக்குள் பாய வேண்டும். தொண்ணூறாம் ஆண்டு என் மனைவி தவநாயகியின் தமக்கை கனகாம்பிகை பாய முந்தியே குண்டு விழுந்துவிட்டது. செய்தி எங்களுக்கு வந்து சேர ஒரு மாதம் ஆனது.

வீட்டில் சொன்னேன். தவநாயகி புட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டு நின்றாள்.

"பொம்பர்காரனுக்கு நீங்கள் பூக் கொண்டு போகப்போறியளோ?"

"அது வேற சண்டையப்பா. வேற பொம்பர்."

"கீழை நிண்டதுகளுக்கு என்ன வேற?"

மாவைக் குழைத்தபடி திரும்பவும் அவளே கேட்டாள். "ஓட்டினவனோ, குண்டு போட்டவனோ?"

அடுத்த நாள் பியற்றிசிடம் போய்க் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. றெஜினோல்ட் இருந்தது பொம்பரின் வால் பக்கமாம். துரத்தி வரும் பிளேனைச் சுட, துவக்கோடு பின்னுக்குப் பார்த்தபடி தனியே இருப்பானாம். போகிற இடம் அவன் கண்ணுக்குத் தெரியாது. விட்டுவந்த இடம் எரிவதுதான் தெரியும். கடைசி லீவில் வந்தபோது சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு அதைத்தான் சொன்னானாம்.

"ஓட்டவும் இல்லை, போடவும் இல்லை. பின்னால இருந்தவன்." வழக்கில் வென்றவன் மாதிரி வந்து சொன்னேன்.

"அப்ப எரிஞ்சதெல்லாம் அவனுக்குத்தான் வடிவாத் தெரிஞ்சிருக்கும்," என்றாள் தவநாயகி.

போகாமல் விட்டால் பியற்றிசின் முகத்தில் எப்படி முழிப்பது? போனால் என் வீட்டில் எப்படிச் சோறு தின்பது?

இருபத்தெட்டாம் திகதி காலை நான் பையைத் தூக்க, தவநாயகி கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். ஏன் என்று கேட்கத் துணிவு வரவில்லை. விம்பிள்டனில் நான் பூ வாங்கிக்கொள்ள, ரயில் ஏறினோம்.

வரிசை வரிசையாக வெள்ளைக் கற்கள். அவன் பெயரைப் பிடிக்க அரை மணித்தியாலம் சென்றது. எழுத்துக்குள் எல்லாம் பாசி. குந்தியிருந்து தேய்க்கத் தொடங்கினேன். ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது, என்னவென்று கூப்பிடுவது? உயிரோடு இருந்தால் அறுபத்தெட்டு வயது, ஐயா என்று சொல்ல வேண்டிய ஆள். கல்லில் இருபது. "தம்பி" என்றுதான் வாயில் வந்தது.

"உப்பிடியோ தேய்க்கிறது? தள்ளுங்கோ."

தவநாயகி பிரஷைப் பறித்தாள். ஒவ்வோர் எழுத்தாகப் பாசியை எடுத்து, தண்ணீர் ஊற்றித் துடைத்தாள். நான் பூவை நீட்டினேன். கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டாள்.

"கல்லைத்தான் கழுவினனான். அவனுக்கில்லை."

பூவை நான் வைத்தேன்.

"எழுத்துக்குள்ளையும் கழுவினீரோ?" என்று அன்று பின்னேரம் பியற்றிஸ் கேட்டார்.

"ஓம், எழுத்துக்குள்ளையும்." யார் கழுவியது என்று சொல்லவில்லை.

அந்த ஆவணியில் பியற்றிஸ் செத்துப்போனார். பை எங்கள் குசினி சிங்குக்குக் கீழே கிடந்தது. இனி யார் கேட்கப் போகிறார்கள் என்று எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. அடுத்த தையில் ஒரு நாள் வேலையால் வந்து பார்த்தால், மேசையில் தண்ணீர் நிரப்பிய போத்தல். பக்கத்தில் புது பிரஷ்.

"உதென்ன?"

"நாளைக்கு இருபத்தெட்டெல்லோ. பழைய பிரஷ் தேஞ்சு போச்சு."

"அப்ப பூ?"

"அது உங்கட பாடு."

கழற்றிய கோட்டைத் திரும்பப் போட்டேன். அந்தப் பெடியனை எந்தப் பக்கம் வைப்பது என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. பூக்கடை ஆறு மணிக்குப் பூட்டிவிடும்.