டெர்மட்டுக்கும் மார்கரெட்டுக்கும் ஹிஸ்டரி இருக்கிறது

லண்டனுக்கு வந்த புதிதில் ஒரு வாழைப்பழத்தோல் என்னைப் பெரும்பாடு படுத்தியது. கிங்ஸ்பரி ரயில் நிலையத்தில் பழத்தைத் தின்று முடித்துவிட்டு, தோலைப் போடக் குப்பைத்தொட்டி தேடினேன். மேடையின் இந்த நுனியிலிருந்து அந்த நுனி வரை நடந்தும் ஒன்றுகூட இல்லை. இவ்வளவு துப்புரவு பார்க்கிற நாட்டில் ஒரு தொட்டிக்குப் பஞ்சமா என்று யோசித்து நின்றேன். பக்கத்து வாங்கிலில் உட்கார்ந்திருந்த வெள்ளைக்கார முதியவர் என் கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார். "பொக்கற்றுக்குள்ள வையும் தம்பி. எங்கட ஆக்களால வந்த வினை," என்றார். அவர் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் இத்தனை காலத்தில் அவரும் இங்கே பழகிய மற்றவர்களும் சொன்னதெல்லாம் எனக்குள் எங்கள் பேச்சாகவே தங்கிவிட்டது, அப்படியே எழுதுகிறேன். பிறகு ஒரு சொல் சொன்னார்: "ட்ரபிள்ஸ்."

ட்ரபிள் என்றால் கரைச்சல். மனுசனுக்கு முழங்கால் வருத்தமோ, வீட்டில் சண்டையோ என்று எண்ணி, "உங்களுக்கோ?" என்று இரக்கத்தோடு கேட்டேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். பெல்பாஸ்ட் நகரத்துக் கத்தோலிக்கரான அவர் பெயர் டெர்மட். கட்டட வேலைக்கென்று இளவயதில் லண்டன் வந்து இங்கேயே தங்கிவிட்டவர். ரயில் வரும்வரை விளக்கினார். வட அயர்லாந்து பிரித்தானியாவோடு இருப்பதா, அயர்லாந்தோடு சேர்வதா என்று ஆளையாள் கொன்றுகொண்டிருந்த காலத்துக்கு அங்கே வைத்த பெயர்தான் ட்ரபிள்ஸ். ஆயுதம் எடுத்தவர்களில் சிலர் லண்டனுக்கும் வந்து கடைகளிலும் ரயில் நிலையங்களிலும் குண்டு வைத்தார்கள். தொட்டிக்குள் ஒளித்து வைப்பது சுலபம் என்பதால் தொட்டிகளையே எடுத்துவிட்டார்கள். ஒப்பந்தம் வந்து சண்டை ஓய்ந்த பிறகும் அவை இந்த மேடைக்குத் திரும்பி வரவில்லை.

எனக்குச் சிரிப்பும் வந்தது, உடம்பும் சிலிர்த்தது. இலங்கையில் என் ஊரான மன்னாரில் நாங்களும் எங்கள் யுத்தத்தைப் 'பிரச்சினை' என்றுதான் சொல்வோம். பிரச்சினைக்கு முன்னம் கட்டின வீடு, பிரச்சினைக்குள்ள பிறந்த பிள்ளை. அத்தனை உயிர்களை விழுங்கியதை, குழாயில் தண்ணீர் வராததைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போவோம். உலகத்தில் இப்படிப் பெயர் வைத்தவர்கள் நாங்கள் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

அடுத்த ஞாயிறு எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் பூசைக்குப் போனால், கடைசி வாங்கிலில் டெர்மட் இருந்தார். நானும் மனைவி றீற்றாவும் அந்த வாங்கிலுக்கே போய்ச் சேர்ந்தோம். அவர் பூசையில் பாடுவதே இல்லை. வாய் மட்டும் அசையும். ஒருநாள் தேநீர் குடிக்கும்போது காரணம் மாதிரி ஒன்று சொன்னார். லண்டனில் ஒரு குண்டு வெடித்தபிறகு பொலிஸ் அவரைப் பிடித்துச் சில நாட்கள் வைத்திருந்ததாம். அவர் செய்த குற்றம், பெல்பாஸ்ட் உச்சரிப்பில் ஒருவருக்கு வழி சொன்னது. "அதுக்குப் பிறகு கடையில பாண் வேணுமெண்டாலும் விரலால காட்டுவன். வாய் திறக்கிறேல்லை," என்றார். எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. யுத்த காலத்தில் கொழும்பில் இருந்தபோது நான் பஸ் ஏறியதும் நித்திரை கொள்வதுபோல நடிப்பேன். ஒரு வார்த்தை சிங்களம் பேசினால் போதும், நான் எந்த ஊரென்று முழு பஸ்ஸுக்கும் தெரிந்துவிடும்.

போன கோடையில் பங்குத் திருநாள் விருந்தை எங்கள் தலையில் கட்டினார்கள். சமையல் றீற்றா, மேசை ஒழுங்கு நான். யாரை எங்கே இருத்துவது என்று பங்குத்தந்தையிடம் கேட்டேன். அவர் நைஜீரியாக்காரர், மெதுவாகப் பேசுபவர். "டெர்மட்டும் மார்கரெட்டும்... தே ஹாவ் ஹிஸ்டரி," என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். மார்கரெட் முதல் வாங்கிலில் இருக்கும் ஆங்கிலேய அம்மா, நூலகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். டெர்மட்டோ பழங்கதை தொடங்கினால் நிறுத்தமாட்டார். இரண்டு பேருக்கும் சரித்திரத்தில் ஆர்வம் என்று விளங்கிக்கொண்டு, "நல்லது பாதர்," என்று சொல்லிப் பக்கத்துப் பக்கத்தில் இருத்தினேன்.

விருந்தன்று றீற்றா மட்டன் ரோல்ஸும் நண்டுக்கறியும் வைத்திருந்தாள். மண்டபத்துக்குள் வந்த பாதர் அந்த மேசையைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். என்னை ஒரு மூலைக்கு இழுத்துப்போய்ச் சொன்னார்: மார்கரெட் இளம்பெண்ணாக இருந்தபோது ஒரு கடையில் வெடித்த குண்டில் அவருடைய இடது காது போனது, கூடப் போன சிநேகிதி வீடு திரும்பவில்லை. அயர்லாந்து உச்சரிப்பைக் கேட்டாலே அவர் எழுந்து போய்விடுவார். ஓடிப்போய் யாரையாவது இடம் மாற்றலாமா என்று பார்த்தேன். டெர்மட் ஏற்கெனவே பேசத் தொடங்கிவிட்டார்.

கோப்பையைப் பார்த்தபடி, தாழ்ந்த குரலில், நீளமாகப் பேசினார். மார்கரெட் நேரே பார்த்துக்கொண்டு ரோல்ஸைச் சாப்பிட்டார். முடிந்ததும் டெர்மட் நெற்றியைத் துடைத்தார். அப்போதுதான் மார்கரெட் திரும்பினார். "எனக்கு இந்தப் பக்கக் காது கேளாது. இவ்வளவு நேரமும் என்ன சொன்னனீர்?"

டெர்மட் எழுந்தார். தன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றி வந்து, மார்கரெட்டின் வலப்பக்கம் இருந்த கோவாக்காரப் பெண்ணை எழுப்பி அந்த இடத்தில் உட்கார்ந்து, முதலிலிருந்து தொடங்கினார். இந்த முறை எல்லோருக்கும் கேட்டது.

"நான் அவங்களில ஒருத்தன் இல்லை. ஆனா என்ர குரல் உங்களுக்கு நோகும் எண்டு தெரியும். அதுதான் கடைசி வாங்கில். அதுதான் பாடுறதும் இல்லை. உங்கட சிநேகிதிக்காக ஒவ்வொரு ஞாயிறும் மன்றாடுறனான். அதைச் சொல்ல வேணும் எண்டு கனகாலம்."

மார்கரெட் ரோல்ஸைக் கீழே வைத்தார். "நீர் இல்லை எண்டு எனக்கு எப்பவோ தெரியும். தலைக்குத் தெரியும். காதுக்குத்தான் தெரியாது." வலது காதைத் தொட்டுக் காட்டி, "நல்ல காதைச் சொல்லுறன். மற்றதுக்கு ஒண்டுமே தெரியாது," என்றார்.

முதலில் சிரித்தது அவர்தான். பிறகு டெர்மட். பிறகு கோப்பையோடு நின்றுகொண்டிருந்த கோவாக்காரப் பெண். "வாற ஞாயிறு பாடும்," என்றார் மார்கரெட். "நல்லா இல்லாட்டி நான் மற்றக் காதைத் திருப்புவன்." நண்டுக்காலை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் முழித்தபோது, டெர்மட் கட்டட வேலை செய்த கையால் உடைத்து உடைத்து வைத்தார்.

பாதர் என்னிடம் வந்து, "வேண்டுமென்றுதான் செய்தாயா?" என்று கேட்டார். "நீங்கள்தானே பாதர், அவர்களுக்குச் சரித்திரம் பிடிக்கும் என்று சொன்னீர்கள்," என்றேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஹிஸ்டரி இருக்கிறது என்றால் பழைய மனக்கசப்பு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் படித்தேன்.

மன்னிப்பு என்ற சொல்லை அன்று ஒருவரும் சொல்லவில்லை. எங்கள் பிரச்சினைக்கு இப்படி ஒரு விருந்து வைத்தால் யாரை யார் பக்கத்தில் இருத்துவேன் என்று யோசித்துக்கொண்டு சட்டி கழுவினேன். எல்லாச் சட்டியும் கழுவி முடிந்தது. மேசை ஒழுங்கு மட்டும் சரிவரவில்லை.

அடுத்த ஞாயிறு டெர்மட் பாடினார். சுருதி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். முதல் வாங்கிலில் மார்கரெட்டின் தோள்கள் குலுங்கின. ஆனால் தலை திரும்பவில்லை. பூசை முடிந்து மண்டபத்து வாசலில் கால் வைக்கும்போது, மன்னாரிலிருந்து அக்கா போனில் கூப்பிட்டார். பின்னால் காகங்களும் மோட்டார் சைக்கிள் சத்தமும் கேட்டன. "மடு மாதா திருநாளுக்கு எல்லாரும் வருகினம். நீ எப்ப வாறாய்?" என்று கேட்டார். அதே நேரம் உள்ளேயிருந்து மார்கரெட், "தேத்தண்ணி ஆறுது, வாறீரோ இல்லையோ?" என்று சத்தம் போட்டார். என் ஒரு கால் மண்டபத்துப் பலகைத் தரையில் இருந்தது. மற்றது மழையில் நனைந்த படியில்.

"வாறன்," என்றேன்.

மார்கரெட்டுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவர் என் கோப்பையில் பால் விடத் தொடங்கினார். போனுக்குள் அக்கா சந்தோசமாக, "ஓம், வா. பாத்துக்கொண்டிருக்கிறம்," என்றார்.