எங்கள் ஊரில் யாரும் சும்மா ஓடுவதில்லை

சர்க்கரை வியாதி என்றாலே எனக்குக் குலை நடுங்கும். அம்மாவின் வலது பாதத்தைக் கொண்டுபோனது அதுதான். தம்பி திருப்பூரில் மாடி வீட்டில் இருக்கிறான். அம்மாவால் படியேற முடியாது என்பதால் என்னோடுதான் இருக்கிறாள். காலையில் அவளுக்கு ஊசி போடுவது நான். கணுக்காலோடு முடிந்துபோன அந்தக் காலைக் கழுவித் துடைத்துவிடுவதும் நான். அதனால் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா என் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியபோது, நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, குனிந்து என் பாதங்களைத்தான் பார்த்தேன்.

"ஷுகர் வல்லாதெ, ரொம்பக் கூடிப்போச்சு சேச்சி" என்றார். பாதி மலையாளம், பாதி எனக்காகத் தமிழ். "நடக்கணும். பற்றுமெங்கில் கொஞ்சம் ஓடணும். ஓணம் கழிஞ்சு வாங்க, நோக்காம். குறையலைன்னா இன்சுலின்தான்."

முடிந்தால் ஓடு என்று அவர் சொன்னது ஒரு பேச்சுக்குத்தான். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். நடக்கச் சொன்னால் யார் கேட்பது? மாட்டுக் கட்டுத்தறிக்கும் தோப்புக்கும் நாள் முழுக்க நடக்கிறவளுக்குத்தானே இந்தச் சர்க்கரை வந்திருக்கிறது. நடையை நம்பிப் பிரயோஜனமில்லை என்று முடிவு கட்டினேன்.

பக்கத்து டவுனான கொழிஞ்சாம்பாறையில் ஷூ வாங்கப் போனேன். "பையன் எந்த கிளாஸ் படிக்கறானுங்க?" என்றார் கடைக்காரர். எனக்குத்தான் என்றதும் அவர் பார்வை என் முகத்திலிருந்து இடுப்புக்கு இறங்கி, அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பெரிய இடுப்புதான். ஆனாலும் ஷூவை இடுப்பிலா மாட்டப்போகிறேன்?

முதல் நாள் விடிந்தும் விடியாமலும் சுடிதாரும் ஷூவுமாக இறங்கினேன். எங்கள் வீட்டிலிருந்து வாய்க்கால் மேட்டைப் பிடித்துக் கிழக்கே போனால் சீக்கிரமே எல்லை தாண்டித் தமிழ்நாடு வந்துவிடும். அதுவரைக்கும் ஓடிவிட்டுத் திரும்புவது என்று கணக்கு. பால் சொசைட்டி வந்தபோதே எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

இந்த இடத்தில் எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். இங்கே பெரியவர்கள் யாரும் சும்மா ஓடுவதில்லை. மாடு கயிற்றை அறுத்துக்கொண்டிருக்க வேண்டும், யாராவது கிணற்றில் விழுந்திருக்க வேண்டும், பாம்பு தீண்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் இழவு. ஓடுகிறவரை நிறுத்தி விசாரிப்பதும் கிடையாது. கையில் இருப்பதைப் போட்டுவிட்டுக் கூடவே ஓடுவோம், விஷயத்தைப் பிறகு கேட்டுக்கொள்வோம். மாவு பிசைந்த கையோடு நானே அப்படி ஓடியிருக்கிறேன்.

சொசைட்டி முன்னால் பால் கேனோடு வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். வெட்கம் பிடுங்கித் தின்ன, அவர்களைச் சீக்கிரம் தாண்டிவிட வேண்டும் என்று வேகத்தைக் கூட்டினேன். "ஏனுங்க, என்னாச்சுங்க?" என்று யாரோ கத்தினார்கள். பதில் சொல்ல மூச்சு இல்லை. ஒன்றுமில்லை, போங்கள் என்கிற மாதிரி கையைப் பின்னால் வீசினேன். என் கை வீசிய திசையில் எங்கள் வீடு இருந்தது.

பாதி வரிசை கேனைக் கீழே வைத்துவிட்டு எங்கள் வீட்டுக்கு ஓடியது. ஒருவர் கிணற்றில் இறங்குவதற்காக வடக்கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு பைக்கில் போனாராம். பால் கறந்துகொண்டிருந்த என் வீட்டுக்காரர் வாசலில் கூட்டத்தைப் பார்த்ததும், எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று கூட்டத்தையும் தள்ளிக்கொண்டு கிணற்றுக்கு ஓடியிருக்கிறார். அது போதாதா? கட்டிலில் இருந்த அம்மா, மகள் போய்விட்டாள் என்றே முடிவு பண்ணிவிட்டாள்.

நான் எங்கே தமிழ்நாட்டைப் பார்த்தேன்? வழியிலேயே திரும்பி, விலாவைப் பிடித்துக்கொண்டு வீட்டை நெருங்கும்போது ஒப்பாரி கேட்டது. யாருக்கு என்று பதறிக்கொண்டு நின்றேன். எனக்குத்தான். "வாய்க்கு ருசியா ஆக்கிப் போட்டவளே, எதுத்து ஒரு சொல்லுப் பேசாதவளே" என்று அம்மா பாடிக்கொண்டிருந்தாள். இரண்டாவது பச்சைப் பொய். முதலாவதை என் முகத்துக்கு நேரே ஒரு நாளும் சொன்னதில்லை. கேட்க நன்றாக இருந்ததால் இன்னும் கொஞ்சம் நின்று கேட்டேன். உள்ளே போனதும் என்னைப் பார்த்தாள். அதே மூச்சில், ராகம்கூட மாறாமல் திட்ட ஆரம்பித்தாள்.

அவர்கள் திரும்புவதற்குள் சொசைட்டி மூடிவிட்டதால் அன்று ரெண்டு பேரின் பால் வீட்டுக்கே திரும்பியது. காபி வைத்துக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். "ஒண்ணுமில்லீன்னா அதே போதுமுங்க" என்று சிரித்துக்கொண்டே குடித்துவிட்டுப் போனார்கள். அந்தச் சிரிப்பில் எனக்கு அழுகை வந்துவிட்டது. வேறு ஊராக இருந்தால் நின்று வேடிக்கை பார்த்திருப்பார்கள்.

மறுநாள் வீட்டுக்காரரே சொசைட்டிக்குப் போய் அறிவித்தார். "டாக்டர் சொல்லி எங்கூட்டுக்காரி ஓடறாளுங்க. ஓடுனா ஒண்ணுமில்லீங்க. நின்னுட்டாத்தான் வந்து பாக்கோணும்." அதற்குப் பிறகு யாரும் பதறவில்லை. ஆனால் மொபெட்டில் வரும் பெரியவர் ஒருவருக்கு மட்டும் மனசே கேட்காது. பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைத்து, "ஏறிக்குங்க, கொண்டுபோயி உட்டர்றேன்" என்பார். தினமும் வேண்டாம் என்பேன். தினமும் கேட்டார்.

ஆடி பிறந்ததும் காற்று என்னோடு சண்டைக்கு வந்தது. மேற்கே இருந்து கணவாய் வழியாக அடிக்கிற காற்று அது. கிழக்கே ஓடும்போது முதுகில் கை வைத்துத் தள்ளும். ஆகா, நமக்கும் ஓட்டம் வந்துவிட்டது என்று நான் பறப்பேன். திரும்பினால்தான் தெரியும் சேதி. எட்டு வைத்தால் எட்டு வைத்த இடத்திலேயே நிற்பேன், வாயெல்லாம் மண். "ஆடிக்காத்துல அம்மியே பறக்குதாமா, நீ மட்டும் அப்படியே நிக்கறயே" என்று வீட்டுக்காரர் கேலி செய்தார். அன்று அவருக்குப் பழைய சோறுதான்.

அம்மா மட்டும் சமாதானமாகவில்லை. "ஊசி போட்டுக்கறதுக்கு என்ன கேடு? நான் போட்டுக்கல?" என்பாள். உங்களை மாதிரி ஆகிவிடக் கூடாதென்றுதான் ஓடுகிறேன் என்று நாக்கு நுனிவரை வரும். எப்படிச் சொல்வது? ஒவ்வொரு முறையும் விழுங்கினேன். அவளுக்கும் அது தெரிந்தே இருந்தது என்று நினைக்கிறேன். நான் ஷூ மாட்டும்போதெல்லாம் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

ஓணம் கழிந்து போனேன். "குறைஞ்சிட்டுண்டு சேச்சி, பக்ஷே போரா" என்றார் டாக்டரம்மா. குறைந்திருக்கிறது, ஆனால் போதாது. கிறிஸ்துமஸ் வரைக்கும் பார்ப்போம், அதற்குள் இறங்கவில்லை என்றால் ஊசிதான் என்றார். பஸ்ஸில் வரும்போது பரிசோதனைச் சீட்டைத் திரும்பத் திரும்பப் பிரித்துப் பார்த்தேன். இத்தனை காற்றில், இத்தனை கேலியில் ஓடியதெல்லாம் இதற்குத்தானா?

அடுத்த நாள் காலையில் நான் போகவில்லை. அம்மாவுக்கு ஊசி போட்டுவிட்டு அவள் கட்டிலோரமே உட்கார்ந்துவிட்டேன். வெளிச்சம் நன்றாக வந்த பிறகு அம்மா கேட்டாள்.

"இன்னைக்கு ஓடலியா?"

"காலு வலிக்குதுங்கம்மா."

"எங்க, காட்டு."

காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்தேன். குதிகாலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். "இங்கியா?" ஆமாம் என்றேன். உள்ளங்காலை அழுத்தினாள். "இங்க?" வலித்தது. ஒவ்வொரு விரலாகப் பிடித்துப் பிடித்துக் கேட்டாள். சுண்டுவிரலில் ஒரு கொப்புளம் இருந்தது. அதைத் தொட்டதும் ஐயோ என்று காலை இழுத்தேன். அம்மா என் காலை விடவில்லை. மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"தோட்டத்துல வேலாமுள்ளு ஏறுனது எனக்குத் தெரியவே இல்ல கண்ணு" என்றாள். பாதம் போனதைப் பற்றி அவள் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. "முள்ளோடயேதான் நடந்துட்டு இருந்திருக்கறேன். நாத்தம் அடிச்ச பொறவுதான் பாத்தேன். துளிகூட வலிக்கல எனக்கு. உனக்கு நல்லா வலிக்குது. எந்திரிச்சு ஓடு."

நான் அழுததை அவள் கண்டுகொள்ளவில்லை. குனிந்து கட்டிலுக்கடியில் கிடந்த ஷூவை எடுத்தாள். கவிழ்த்துத் தட்டினாள். உள்ளே ஏதாவது கிடக்கிறதா என்று முனைவரைக்கும் விரல் விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு என் கையில் கொடுத்தாள்.