ஓரகத்தியோட வயிறு

எங்க ஓரகத்தி மேல எனக்குப் பொறாமைங்க. நகைக்கோ நெலத்துக்கோ இல்லே, அவ வயித்து மேல. சிரிக்கறவங்க சிரிச்சுட்டுப் போங்க.

அவ எங்க ஊட்டுக்காரரோட அண்ணன் சம்சாரம். வடகரப்பதியிலே ரெண்டு ஊட்டுக்கும் ஒரே வாசல், ஒரே கெணத்துத் தண்ணி. அவ மாட்டைப் பாத்துட்டு, பழைய சோத்துலே மோரை ஊத்திக் கரைச்சுக் குடிச்சுட்டு, ஏழு மணிக்குக் கக்கூசுக்குப் போனா அஞ்சே நிமிசத்துலே பாட்டுப் பாடிட்டு வெளியே வருவா. நான் கஞ்சிக்கோட்டுக் கம்பெனிக்கு ஷிப்டுக்குப் போறவ. டீயும் பன்னும் பரோட்டாவும்தான் சாப்பாடு. மூணு நாளைக்கு ஒருக்கா வந்தாப் பெரிசு. உள்ளே உக்காந்துட்டு அவ பாட்டைக் கேக்கறப்ப எனக்குப் பத்திட்டு வரும்.

ரெண்டு வருசத்துக்கு முந்தி, ஊடு ஊடா வர்ற சுகாதார நெலையத்து ஆஷா சேச்சி வந்து, அம்பதைத் தாண்டுனவங்களுக்கு ஆளுக்கொரு சின்ன டப்பா குடுத்துட்டுப் போச்சு. மலத்துலே கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்குதான்னு பாக்கவாம். மக்கியாநாள் காலையிலே எட்டு மணிக்கு டப்பாவைத் திருப்பி வாங்க வருவேன்னுச்சு. ஓரகத்தி டப்பா ஏழே காலுக்கே ரெடி. எனக்கு எங்கே வருது? கம்பெனி பஸ் வேற வந்துரும். வெறும் டப்பாவை நீட்டுனா மானம் போகுமேன்னு அவகிட்டயே போய் நின்னேன்.

"அக்கா, உன்னுதுலே துளி குடு."

விழுந்து விழுந்து சிரிச்சா. "ஏம்புள்ள, இதுலயுமா பங்கு?"ன்னு கேட்டுட்டுத்தான் குடுத்தா.

ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்லேன்னு வந்துச்சு. கூத்து என்னன்னா, யாருதுன்னு தெரிஞ்சும் நான் அதை நம்பிட்டேன். ஆறு மாசம் கழிச்சு ரத்தம் போனப்ப, டெஸ்டுலேதான் ஒண்ணுமில்லையே, மூலமாத்தான் இருக்கும்னு துத்தி எலையை வதக்கித் தின்னுட்டுக் கெடந்தேன். கறை போகாம கொடியிலே காஞ்ச என் பாவாடையைப் பாத்துட்டு, கையைப் புடிச்சுக் கோயமுத்தூருக்கு இழுத்துட்டுப் போனவளும் அவதான்.

பெருங்குடல்லே புத்துநோய்.

டாக்டர் பொறுமையாச் சொன்னாரு. வயித்துக்குள்ள கோடிக்கணக்குலே கிருமிங்க குடியிருக்குதாம். நார்ச்சத்து உள்ள போனா நல்ல கிருமிங்க அதைத் தின்னு குடலைக் காப்பாத்துமாம். கெட்டதுலே சிலது இந்தக் கட்டிக்குள்ளயே இருக்குமாம். அதுங்கதான் கட்டியைக் கொண்டாந்துச்சா, கட்டி வந்தப்பறம் வந்து எடம் புடிச்சுதான்னு இன்னும் ஆராய்ச்சி நடக்குதாம். பாதி என் காதுலே ஏறலே. அவ வயித்துலே அத்தனை கோடியும் அவளுக்காக ஒழைக்குது, என் வயித்துலே ஒண்ணு கூடவா எனக்காக ஒழைக்கலேன்னுதான் மனசு கெடந்து அடிச்சுக்கிட்டுது.

"முந்தி எடுத்த டெஸ்ட் நார்மல்னு இருக்கே?"ன்னு டாக்டர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. நான் செவுத்துலே மாட்டியிருந்த குடல் படத்தைப் பாக்க ஆரம்பிச்சேன்.

"அது என்னுதுங்க சார்"ன்னா அவ.

"அப்பவே தெரிஞ்சிருந்தா..."ன்னு ஆரம்பிச்சவரு பாதியிலே நிறுத்திட்டாரு. அந்த மிச்சப் பாதியை அவ ஊட்டுக்குத் தூக்கிட்டு வந்துட்டா. எனக்கு அங்கயும் பொறாமைதான், இத்தனை சுளுவா ஒருத்தி உண்மையைச் சொல்லிப்போடறாளேன்னு.

ஆபரேசன் ஆச்சு, மருந்து ஏத்துனாங்க. வயித்துலே ஓட்டை போட்டுப் பை மாட்டியிருக்காங்க, எனக்கு இப்பக் கக்கூசே வேண்டாம். தப்பிச்சனான்னு அடுத்த ஸ்கேன்லே தெரியும். பையை மாத்தி உடறது அவதான். ஆனா அவ பாட்டு நின்னுபோச்சு. சோறு எறங்கறதில்லே. ஏழு மணிக்குப் போறவ அரை மணி நேரம் உள்ளயே உக்காந்துட்டு, ஒண்ணும் வராம எந்திரிச்சு வர்றா. "நான் குடுத்திருக்கக் கூடாது புள்ள"ன்னு ஒரே பேச்சு. எத்தனை வருசம் கண்ணு வெச்ச வயிறு! நான் நெனச்சபடியே கெட்டுப்போச்சு, எனக்குச் சந்தோசம் வரோணுமில்ல? பாழாப்போன சந்தோசம் வரவே இல்லீங்க.

போன வெள்ளிக்கெழமை சாயங்காலம் அவளை வாசல்லே கெழக்கே பாத்து உக்கார வெச்சேன். சுத்திப் போடறதுக்கு உப்பு எடுத்தேன், வரமொளகாய் எடுத்தேன். யாரு கண்ணு பட்டிருக்கும்னு சந்தேகமோ, அவங்க காலடி மண்ணும் ஒரு சிட்டிகை வேணும். அவங்களுக்குத் தெரியாம எடுத்துட்டு வர்றதுதான் எங்க பக்கத்து வழக்கம். நான் செருப்பைக் கழட்டிட்டு நின்ன எடத்துலேயே குனிஞ்சேன். பை இடிக்குது. மெதுவா வழிச்சு எடுத்தேன்.

மூணாவது சுத்துலே அவ கண்ணைத் தொறந்து என் கையைப் பாத்தா.

"யாரு காலடி மண்ணு புள்ள அது?"

"என்னுதுக்கா."