பட்டையும் பாதிக் கோழியும்

டாக்டர் தாமந்தா ங்கோமா யாரையும் மன்னித்துப் பழகாதவள். மலாவி நாட்டின் பிளான்டயர் நகர ஆஸ்பத்திரியில் அவளோடு வேலை பார்க்கும் எல்லோருக்கும் அது தெரியும், பேராசிரியர் கச்சிங்வேயைத் தவிர. தெரிந்திருந்தால் அந்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குத் தன் கட்டுரையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கமாட்டார்.

வெள்ளிக்கிழமைதோறும் டாக்டர்கள் கூடி, தேநீரும் பொரித்த மந்தாசி மாவுருண்டைகளுமாக ஓர் ஆய்வுக் கட்டுரையை அலசுவார்கள். அன்று பேராசிரியருடையது. சிறுநீரில் நனைத்தால் காசநோயைக் காட்டும் காகிதப் பட்டை. நோயாளிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேரைப் பிடித்துவிடுமாம். மாவட்டம் முழுக்க வாங்கலாமா என்று பார்க்கச் சுகாதார அதிகாரி அம்மாளும் வந்திருந்தார்.

தாமந்தாவின் தம்பி லிம்பானி அந்தப் பட்டையால் செத்தவன். ஒரு கிளினிக்கில் மட்டும் அதை வெள்ளோட்டம் விட்டிருந்த நேரம், லேசான இருமலோடு போனான். பட்டை நோயில்லை என்றது. மருந்தில்லாமல் அனுப்பினார்கள். அடுத்த மழைக்கு அவன் இல்லை. அன்றிலிருந்து அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இந்த நாளுக்காகத்தான் காத்திருந்தாள்.

"சார், நோயாளிங்கன்னு யாரை எடுத்தீங்க?"

"வார்டுல படுத்திருந்தவங்களம்மா. சளியில கிருமி நல்லா தெரிஞ்சவங்க."

"எழுந்து உக்காரக்கூட முடியாதவங்க. சரி, நோய் இல்லாதவங்க?"

"ஆரோக்கியமான ஆளுங்க. கட்டுரையிலயே போட்டிருக்கே."

"யாருன்னு போடல சார். நான் சொல்றேன். நம்ம கல்லூரிப் பசங்க. சிறுநீர் குடுத்தா நசிமாக் களியும் கோழியும் தர்றேன்னீங்க. நானும் வரிசையில நின்னேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"சாகக் கிடக்கிறவனையும் பந்து விளையாடுறவனையும் பிரிச்சுச் சொல்ல பட்டை எதுக்கு சார்? வாசல்ல நிக்கிற காவக்காரரே சொல்லிடுவாரு. சும்மா இருமிக்கிட்டு கிளினிக்குக்கு வர்றாங்களே, நோயா இல்லையான்னு நமக்கே தெரியாதவங்க, அதுல ஒருத்தரையாவது சோதிச்சீங்களா?"

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இல்ல."

"அப்ப வாங்குற பேச்சே இல்ல," என்றார் அதிகாரி. "கிளினிக்ல இருக்கிறதையும் நாளைக்கே எடுத்துடுங்க."

தாமந்தாவுக்கு வயிறு குளிர்ந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை.

கச்சிங்வே தாழ்வாரத்தில் அவளை நிறுத்தினார். "அன்னிக்கு என் கோழியத் தின்னுட்டு, இன்னிக்கு என் மானத்த வாங்கிட்டியேம்மா."

"பாதிதான் சார் நான் தின்னேன். மீதிய என் தம்பிக்குப் பொட்டலம் கட்டிக் கொண்டுபோனேன். எலும்பக்கூட விடாம தின்னான். உங்க பட்டை நோயில்லன்னு அனுப்பி வச்சு செத்தானே, அவன்தான்."

அவர் கையை நீட்டினார். அவள் அதைப் பார்த்தாள், தொடவில்லை. உள்ளே போய், ஆறிப்போன தேநீரை மெதுவாகக் குடித்தாள்.