சொல்லாமல் அடித்த மேளம்

யாழினி, சரண்... பிள்ளைகளே, இந்த வாரப் பத்தியை முதலில் நீங்கள் இருவரும் படியுங்கள். வாசகர்கள் பின்னால் நின்று எட்டிப் பார்க்கட்டும். அவர்களுக்கு அது பழக்கம்தான்.

சில வாரங்களுக்கு முன்பு சாப்பிடும்போது நான் ஒரு பிரசங்கம் செய்தேனே, நினைவிருக்கிறதா? மறந்திருந்தால் எனக்கு நல்லது. ஆனால் நீங்கள் மறக்கவில்லை என்று தெரியும்.

போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் நான் வேலை செய்யும் கிடங்குக்கு வரவேண்டிய கண்டெய்னர்கள் வரவில்லை. விசாரித்தால், கப்பல் சுற்றி வருகிறதாம். வழியில் ஒரு நாட்டின் கடற்படை, அக்கம்பக்கத்து நாடுகளிடம் மூச்சே விடாமல், நிஜக் குண்டு போட்டுப் பயிற்சி செய்கிறதாம். பக்கத்து நாடு தூதரைக் கூப்பிட்டுக் கண்டித்திருக்கிறது. "சட்டப்படி தப்பில்லை, எங்களுக்கு உரிமை இருக்கிறது" என்று பயிற்சி செய்கிறவர்கள் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

எனக்கு வந்ததே கோபம்! ரசக் கிண்ணத்தைக் கடலாக்கினேன். அப்பளத்தைப் போர்க்கப்பலாக்கினேன். "சட்டம் வேற, மரியாதை வேற. பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சு போகும்?" என்று உங்களிடம் கேட்டேன்.

சரண் போர்க்கப்பலைத் தின்றுவிட்டான். கூட்டம் முடிந்தது.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைதான் உங்கள் மாமா போன் செய்தார். தைப்பூசத்துக்குப் பத்துமலையில் வாசிக்கப்போகும் உறுமி மேளக் குழு அவருடையது. வழக்கமாகப் பயிற்சி செய்யும் திடலில் மழைத் தண்ணீர். இடம் இல்லை.

"நம்ம வீட்டு போர்ச்ல அடிங்க மச்சான். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க லா," என்றேன்.

யார் கொடுத்த தைரியம்? தெரியாது. எனக்கு உறுமியும் வராது, தவிலும் வராது. ஆனால் அத்தனை பேர் நம் வீட்டு வாசலில் நின்று அடிக்கும்போது, முன்னால் கைகட்டி நிற்க ஓர் ஆள் வேண்டாமா? படைப் பயிற்சி என்பதே பாதி பயிற்சி, பாதி படம் காட்டுவது. அந்தப் பின்பாதிக்கு நான் தளபதி.

நான் பொறுப்பில்லாதவனும் அல்ல. மேளம் தொடங்கும் முன்பு எதிர்வீட்டில் சொன்னேன். கடைசி வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற போலீஸ் சார்ஜனிடம் மிகப் பணிவாகச் சொன்னேன். இரண்டு வீட்டுக்கும் பொதுவான ஒட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் சோங்கிடம் மட்டும் சொல்லவில்லை. நம்ம ஆள்தானே!

நம் வரிசை வீடுகளில் பாதிப் பேருக்குத் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. பகலில் முன் ஜன்னல் திரை மூடியிருந்தால், உள்ளே ஆள் தூங்குகிறார், இரவு வேலைக்குப் போகவேண்டும் என்று அர்த்தம். யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. ஆனால் அந்தத் திரையைப் பார்த்தால் ஐஸ்கிரீம்காரர்கூட மணி அடிக்கமாட்டார்.

சோங் கிரேன் ஓட்டுகிறவர். அன்று அவர் வீட்டுத் திரை மூடியிருந்தது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, "அடிங்க மச்சான்" என்றேன்.

சண்டை எதுவும் நடக்கவில்லை. சோங் வெளியே வந்தார், என்னை ஒரு பார்வை பார்த்தார், உள்ளே போய்விட்டார். தூக்கம் இல்லாமல் கிரேன் ஏறக்கூடாதென்று அன்று லீவு போட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் அவர் கார், வழக்கமாக எனக்கு விடும் இடத்தையும் சேர்த்து அடைத்து நின்றது. பதிலுக்கு நான் பூச்சட்டிகளை நகர்த்தினேன். அவர் மனைவி சுவருக்கு மேலாகக் கொடுக்கும் கங்கோங் கீரை நின்றது. பொருளாதாரத் தடை! நான் ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைத்தேன். உங்கள் அம்மா வந்து அதை அணைத்துவிட்டுப் போனாள். அதுதான் எனக்குக் கிடைத்த மிகக் கடுமையான கண்டனம்.

எல்லாம் விளையாட்டாகத்தான் இருந்தது... யாழினி கணக்குப் புத்தகத்தோடு அவர்கள் கேட்டில் நின்றுவிட்டுத் திரும்பி வரும்வரை.

தினமும் சாயங்காலம் மெய் லிங்தான் இவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பாள். சோங்கின் மகள். பரீட்சை நெருங்குகிறது. அன்று கேட் பூட்டியிருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது.

"மெய் லிங் வீட்ல இல்லையா?" என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன்.

யாழினி புத்தகத்தை மேசையில் வைத்தாள். "அன்னைக்கு நியூஸ்ல ஒரு நாடு சொன்னீங்களே... அது எந்த நாடுன்னு இப்பத் தெரியுதுப்பா."

மகளே, நான் ஆறாம் ஆண்டுக்கு மேல் சரியாகப் படித்தவன் அல்ல. ஆனால் அந்தப் பாடம் உடனே புரிந்தது.

ஆரஞ்சுப் பழங்களை எடுத்துக்கொண்டு போனேன். சோங் கேட்டைத் திறந்தார். பழத்தை வாங்கவில்லை. நாங்கள் எப்போதும் பேசும் பாதி மலாய், பாதி தமிழில்தான் பேசினோம். அவர் சொன்னதை உங்களுக்கு அப்படியே சொல்கிறேன்.

"சத்தம் தாபா லா. அது பரவால்ல. சார்ஜனுக்குச் சொன்ன, எதிர்வீட்டுக்குச் சொன்ன. எனக்கு மட்டும் ஏன் சொல்லல?"

யோசித்துப் பார்த்தால் உண்மை அசிங்கமாக இருக்கிறது. யாரைக் கண்டால் பயமோ, அவர்களிடம் முன்கூட்டியே சொல்கிறோம். நெருங்கியவர்களிடம் — "புரிஞ்சுக்குவாங்க" என்று விட்டுவிடுகிறோம். நாடுகளும் இப்படித்தானோ? பெரிய நாட்டுக்குக் கடிதம், சின்ன நாட்டுக்குக் குண்டுச் சத்தம்!

"சாலா நான்தான், சோங்," என்றேன். தப்பு என்னுடையது என்று. அதைச் சொல்ல மலாய் கொஞ்சம் வசதியாக இருந்தது.

அவர் பழத்தை வாங்கிக்கொண்டார். "யாழினியை வரச் சொல்," என்றார். அவ்வளவுதான்.

இப்போது உறுமிப் பயிற்சி கோயில் மண்டபத்தில் நடக்கிறது. தளபதிக்கு அங்கே வேலையில்லை. யாழினிக்கு மறுபடியும் கணக்கு நடக்கிறது. கங்கோங் இன்னும் வரவில்லை. தூதரகம் திறந்தாயிற்று, வர்த்தகம் மெதுவாக வரும்.

நேற்று நீங்கள் பள்ளிக்குப் போயிருந்தீர்கள், அம்மா காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்தாள். முருகன் படம் போட்ட புதுக் காலண்டரை ஒட்டுச் சுவரில் மாட்டச் சுத்தியலை எடுத்தேன். கை நின்றுவிட்டது. சுத்தியலோடு சோங் வீட்டுக் கேட்டுக்குப் போனேன். திரை திறந்திருந்தது, காரைக் காணோம், வீட்டில் யாருமில்லை.

கேட்டுக்குப் பின்னால் படுத்திருந்த அவர் நாயிடம் விவரமாகச் சொல்லிவிட்டு வந்துதான் அந்த ஒரு ஆணியை அடித்தேன்.