மலேசியாவில் வாங்கிய மலிவு காலிங் கார்டு

கார்டின் பின்னால் நம்பரைச் சுரண்டினால் நகத்துக்குள் வெள்ளிப்பொடி ஒட்டிக்கொள்ளும்... கையெல்லாம் மெஷின் ஆயில் வாடை. 2003-ல் மலேசியாவில் இருந்த ஒன்பது மாதமும் எனக்கு இப்படித்தான் போனது.

எங்கள் ஊர் மாகறலிலிருந்து நான் கிளம்பும்போது என் மனைவி செல்விக்கு நாலாம் மாதம். அங்கே ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் ஆபரேட்டர் வேலை. பன்னிரண்டு மணி நேரம் நின்றபடியே. ரூமுக்கு வந்தால் செருப்பைக் கழற்றக்கூடத் தெம்பு இருக்காது.

ஊர் சிம்மில் ரோமிங் போட்டால் கட்டுப்படியாகாது. உள்ளூர் சிம்மிலிருந்து நேராகக் கூப்பிட்டாலும் காசு கரையும். மிச்சம் இருந்தது, முன்னாடியே காசு கொடுத்து வாங்கி நிமிஷக் கணக்கில் பேசும் காலிங் கார்டு.

அதிலும் இரண்டு வகை. ஒன்று, அரை மணி நேரம்தான், ஆனால் குரல் பக்கத்தில் இருப்பதுபோல் கேட்கும். இன்னொன்றில் அதே விலைக்கு எண்பது நிமிஷம் என்று போட்டிருக்கும். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும்.

"அது பேஜார் புடிச்ச கார்டு. பாதில அறுத்துடும்" என்றான் என் ரூம்மேட் பாஸ்கர். எங்கள் பக்கத்துத் தாமல் ஊர்க்காரன்.

பிரசவ நேரம், நிறையப் பேச வேண்டியிருக்கும் என்று நான் எண்பது நிமிஷத்தையே வாங்கினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஊரில் எங்கள் எதிர்வீட்டு லேண்ட்லைனுக்கு அடித்ததும் என் அக்கா ஓடி வந்தாள்.

"பொண்ணு பொறந்துகீதுடா. கொயந்த நல்லா கீது. செல்விக்குத்தான்..."

அவ்வளவுதான். லைன் போய்விட்டது. திரும்ப அடித்தால், கார்டில் நிமிஷம் இல்லை என்று ஒரு பெண் குரல் இங்கிலீஷில் சொன்னது. பேசியது ரெண்டு நிமிஷம்கூட இருக்காது.

பாஸ்கர் ஷிப்டுக்குப் போயிருந்தான். கார்டு விற்கும் கடைக்கு நடந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல்தான் திறப்பார்களாம். அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்தேன்.

செல்விக்கு என்ன? எல்லாக் கெட்டதும் மனதில் வந்து போனது...

அப்படியே தூங்கிவிட்டேன். அந்த நிலைமையிலும் எனக்குத் தூக்கம் வந்தது. இதை செல்வியிடம் இன்றுவரை சொன்னதில்லை.

ஷட்டர் ஏறும் சத்தத்தில்தான் விழித்தேன். இந்தத் தடவை அரை மணி நேரக் கார்டு.

அக்கா போனுக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறாள். "இன்னாடா, பாதில வச்சிட்ட? செல்விக்குத்தான் ஆபரேசன் ஆயிடிச்சின்னு சொல்ல வந்தேன். முயிச்சிக்கினா. கஞ்சி குடிச்சா. உன்னத்தான் கேட்டுக்கினு கீறா."

கஞ்சி குடித்தாளா என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். கார்டில் நிமிஷம் நிறைய இருந்தது. அக்காவும் சலிக்காமல் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அன்று பிறந்தவளைப் போன மாதம் ஆபீஸில் சிங்கப்பூர் அனுப்பினார்கள். கிளம்புவதற்கு முந்தின நாள், சாப்பிட்டுக்கொண்டே அங்கே பேசுவதற்குப் போனிலேயே ஏதோ இ-சிம் வாங்கினாள். நடுவில் அறுந்து போகாது இல்லையா, நல்லதுதானே என்று மூன்று தடவை கேட்டேன். "ரிவ்யூ எல்லாம் பாத்துட்டேன் நைனா" என்றாள்.

இறங்கியதும் வீடியோ கால். முகம் தெளிவாகத் தெரிந்தது. ஒருமுறைகூட நிற்கவில்லை.

"சேந்துட்டேன் நைனா. கேப் வந்துடுச்சி, அப்பறம் பேசறேன்."

ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. நான் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

சமையலறையிலிருந்து செல்வி கேட்டாள், "இன்னா சொன்னா?"

"சேந்துட்டாளாம்" என்றேன்.